வாக்கிங்ல அப்பாவுக்கு இதயத் துடிப்பு 118னு வாட்ச் காட்டுது, நடக்க விடலாமா?

கன்னங்குறிச்சிக்காரன்:
அப்பாவுக்கு 68 வயசுங்க. சுகர் இல்ல, பிபி மாத்திரை மட்டும். காலையில மூக்கனேரிப் பக்கம் நடப்பார். தங்கச்சி ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் குடுத்தா, அதுல இருந்துதான் வம்பு. நடக்க ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல துடிப்பு நிமிஷத்துக்கு 118க்குப் போய் நிக்குது. "220ல வயசைக் கழி, அதுல 70 சதவீதம் தாண்டக் கூடாது"ன்னு யாரோ சொல்லிட்டாங்க. கணக்குப் போட்டா 106தான் வருது. பயந்துக்கிட்டு பாதியிலயே உட்கார்ந்துடறார். ஆனா மூச்சு வாங்கறது, நெஞ்சு வலின்னு எதுவும் இல்ல. அடுத்த மாசம் ஏற்காடு, சேர்வராயன் கோயிலுக்கு வேற போகணுங்கறார்.

அடிவாரம் வாக்கர்:
106 ஒண்ணும் லட்சுமணன் கோடு இல்லீங்க. 220 கழித்தல் வயசுங்கறது உச்சத் துடிப்புக்கான சராசரிக் கணக்கு. ஒரே வயசுக்காரங்களுக்குள்ளயே பத்து, பன்னிரண்டு கூடக் குறைய இருக்கும். 208ல இருந்து வயசோட 0.7 பங்கைக் கழிக்கிற இன்னொரு கணக்குல அப்பாவோட உச்சம் 152 இல்ல, 160. உச்சத்துல 50-70 சதவீதம் மிதமான நடை, 70-85 வேகமானது. நடக்கறப்ப பேச முடியணும், பாட வரக்கூடாது. அப்படின்னா மிதமான நடைதான்.

ரிட்டயர்டு நர்ஸ்:
தம்பி, என்ன மாத்திரைன்னு சொல்லவே இல்லையே? அட்டெனலால், மெட்டோபுரோலால் மாதிரி 'லால்'ல முடியறதுன்னா அது துடிப்பையே அமுக்கி வெச்சிருக்கும். அவங்களுக்கு இந்தச் சூத்திரம் எதுவும் ஒத்து வராது. அப்பாவை நிறுத்தி, கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டுல ரெண்டு விரலை வெச்சு 15 செகண்டு எண்ணி நாலால பெருக்குங்க. கட்டைவிரலை வெக்காதீங்க, அதுலயே துடிப்பு தெரியும். நின்ன உடனே எண்ணணும், இல்லேன்னா இறங்கிடும். துடிப்பு தாறுமாறா விட்டுவிட்டு வந்தா ஈசிஜி எடுக்காம நடக்க விடாதீங்க.

சூரமங்கலம் ரிப்பேர்:
வாட்ச் பட்டை தளர்வா இருக்கா? அடியில இருக்கற பச்சை லைட்டு தோலுக்குள்ள ஓடற ரத்தத்தைப் பார்த்துதான் எண்ணுது. பட்டை ஆடினா கை வீசறதையே துடிப்புன்னு எடுத்துக்கும். சாதாரண நடையில நிமிஷத்துக்கு 110, 120 அடி வரும். அவர் அடியையும் எண்ணிப் பாருங்க, சொல்றேன்.

கன்னங்குறிச்சிக்காரன்:
அண்ணே, அதேதான்! கையில 15 செகண்டுக்கு 22, அதாவது 88. அடி எண்ணினா 29, நிமிஷத்துக்கு 116. வாட்ச்ல அப்ப 117. மாத்திரை அட்டையில மெட்டோபுரோலால்னு இருக்கு.

ரிட்டயர்டு நர்ஸ்:
88ன்னதும் "இன்னும் ஏத்தலாம்"னு வேகமா நடக்க விடாதீங்க. மாத்திரை போடறவங்களுக்கு எண் கம்மியா இருந்தாலும் உடம்பு கஷ்டப்படலாம். பேச்சுத் திணறுதான்னு மட்டும் பாருங்க. மாத்திரையை நீங்களா நிறுத்தவும் வேண்டாம். நெஞ்சு இறுக்கம், இடது கையோ தாடையோ வலி, குளிர்ந்த வியர்வை எது வந்தாலும் உட்கார வெச்சு 108க்கு அடிங்க.

ஏற்காடு போறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. 20 ஹேர்பின் வளைவு சுத்தி வண்டியை விட்டு இறங்கின உடனே நடக்க வேண்டாம், கொஞ்சம் உட்காரட்டும். கோயில் பக்கம் வரைக்கும் வண்டி போகும். ஆனா அது குகைக்கோயில், குனிஞ்சுதான் உள்ள போகணும். பிபி மாத்திரை போடறவங்களுக்கு சட்டுனு நிமிர்ந்தா தலை சுத்தும், நீங்க பின்னாடியே நில்லுங்க.