விட்டம் கூடியதும் நிக்கல் நானோகம்பிகளின் எளிய அச்சு மறைவது ஏன்?

கேள்வி:
வணக்கம். ஆக்சாலிக் அமிலத்தில் 40 வோல்ட்டில் உருவாக்கிய நுண்துளை அலுமினாவுக்குள், மின்படிவு முறையில் நிக்கல் நானோகம்பிகளை வளர்த்து வருகிறேன். துளை மையங்களுக்கு இடையே ஏறத்தாழ 105 நானோமீட்டர் தொலைவு உள்ளது. 35 நானோமீட்டர் விட்டமுள்ள கம்பிகளில், காந்தப் புலத்தை நீளவாக்கில் செலுத்தினால் தயக்கக் கண்ணி (புலத்தை ஏற்றி இறக்கும்போது காந்தமாக்கம் வரையும் மூடிய வளைகோடு) அகன்று சதுரமாகவும், குறுக்கே செலுத்தினால் ஒடுங்கிச் சாய்ந்தும் வருகிறது. இது எதிர்பார்த்ததே. ஆனால் அதே துளைகளை அகலப்படுத்தி 60 நானோமீட்டர் கம்பிகளை வளர்த்தால், இரு திசைகளிலும் கண்ணிகள் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. நீளம் 5 மைக்ரோமீட்டர், அதாவது விட்டத்தைப் போல் 80 மடங்குக்கும் மேல். இன்னும் நீளமாக வளர்த்தால் வடிவத் திசைச்சார்பு, அதாவது வடிவத்தின் காரணமாகக் காந்தமாக்கம் ஓர் அச்சையே (எளிய அச்சை) விரும்பும் தன்மை, திரும்பக் கிடைக்குமா?

பதில் 1:
கிடைக்காது. காந்தமாக்கத்தை எதிர்த்துப் பொருளுக்குள்ளேயே எழும் புலத்தை அளக்கும் எதிர்ப்புலக் காரணி, முடிவில்லாத உருளைக்கு நீளவாக்கில் 0, குறுக்கே 0.5. நீளம் விட்டத்தைப் போல் 10 மடங்கு ஆனவுடனேயே இவை சுமார் 0.02, 0.49 என்ற அளவை எட்டிவிடுவதால், அதற்கு மேல் நீட்டுவதில் பெரிய பலன் இல்லை. நிக்கலின் தெவிட்டிய காந்தமாக்கம் சுமார் 0.61 டெஸ்லா, ஆகவே தனியே நிற்கும் நீண்ட கம்பியின் திசைச்சார்புப் புலம் (காந்தமாக்கத்தை எளிய அச்சிலிருந்து முழுதும் குறுக்கே திருப்பத் தேவையான புலம்) அதில் பாதி, ஏறத்தாழ 0.3 டெஸ்லா.

உங்கள் கம்பிகளோ தனியே நிற்கவில்லை. அறுகோண அடுக்கில் உலோகம் நிரப்பும் பரப்பின் விகிதம், விட்டத்தை மையத்தொலைவால் வகுத்து, இருமடியாக்கி, 0.907 ஆல் பெருக்கினால் வரும்: முதல் மாதிரியில் 0.10, இரண்டாவதில் 0.30. கம்பிகளின் முனைத் துருவங்கள் எல்லாம் சேர்ந்து மொத்த அடுக்கையும் ஒரு படலம் போல நடத்துவதால், நீளவாக்கில் எதிர்ப்புலக் காரணி 0 ஆக இல்லாமல் நிரப்பு விகிதத்துக்கே சமமாகிறது. குறுக்கே அண்டைக் கம்பிகள் ஒன்றுக்கொன்று துணைநிற்பதால் அது 0.5 இலிருந்து நிரப்பு விகிதத்தில் பாதியளவு குறைகிறது. இவ்விரண்டின் வேறுபாடுதான் உங்கள் கண்ணிகளில் தெரிவது. கணக்கிட்டால் முதல் மாதிரிக்கு 0.21 டெஸ்லா மிஞ்சும்; இரண்டாவதற்கு 0.03 டெஸ்லாவே மிஞ்சும். நிரப்பு விகிதம் மூன்றில் ஒன்றைத் தாண்டினால் எளிய திசை அடுக்கின் தளத்துக்கே சாய்ந்துவிடும்.

பதில் 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் திசைச்சார்புப் புலத்தையும் காந்தநீக்குத்திறனையும் (காந்தமாக்கத்தைச் சுழியாக்கத் தேவையான எதிர்ப்புலம்) ஒன்றாக எண்ணிவிட வேண்டாம். கம்பி முழுவதிலும் காந்தமாக்கம் ஒரே சீராகத் திரும்பினால்தான், அதாவது ஸ்டோனரும் வோல்ஃபார்த்தும் 1948 இல் விவரித்த முறையில் திரும்பினால்தான், நீளவாக்கில் காந்தநீக்குத்திறன் 0.3 டெஸ்லாவை எட்டும். நடைமுறையில் இத்தகைய நிக்கல் கம்பிகளில் அது 0.1 டெஸ்லாவை ஒட்டியே நிற்கிறது. காரணம், திருப்பம் முனையில் தொடங்கி, ஒரு காந்தக் களச்சுவர் (காந்தமாக்கத்தின் திசை மாறும் எல்லை) கம்பியின் ஊடே ஓடி அதை முடித்துவைக்கிறது. விட்டம் சுமார் 40 நானோமீட்டருக்குக் கீழே இருந்தால் அந்தச் சுவர் குறுக்குவாட்டிலும், அதற்கு மேல் சுழல் வடிவிலும் அமைவதால், துளையை அகலப்படுத்தும்போது நீங்கள் திரும்பும் முறையையும் சேர்த்தே மாற்றியிருக்கிறீர்கள். என் பார்வையில் நீளத்தை விடக் கவனிக்கத்தக்கவை முனையின் வடிவமும் விட்டத்தின் சீர்மையும்: சுவரின் ஆற்றல் குறுக்குவெட்டுப் பரப்போடு வளர்வதால், கம்பி எங்கே ஒடுங்குகிறதோ அங்கே சுவர் சிக்கிக்கொள்ள விரும்பும்.

கேட்டவர்:
நன்றி, எண்கள் என் அளவீட்டோடு பொருந்துகின்றன. கோபால்ட்டுக்கு மாறினால் இழந்ததை ஈடுகட்ட முடியுமா?

பதில் 1:
எச்சரிக்கையாக மாறுங்கள். நிக்கலின் திசைச்சார்பில் வடிவத்தின் பங்கு படிக அமைப்பின் பங்கைப் போல் பத்து மடங்குக்கும் மேல் என்பதால் படிகத்தை மறந்துவிடலாம். அறுகோணக் கோபால்ட்டில் அப்படி இல்லை: வடிவத்தின் பங்கு கனமீட்டருக்குச் சுமார் 6 லட்சம் ஜூல் என்றால், படிகத்தின் பங்கு 4.5 முதல் 5 லட்சம் ஜூல். படிக அச்சு கம்பியின் குறுக்கே அமைந்தால் இரண்டும் மோதிக்கொள்ளும். அது எந்தப் பக்கம் அமையும் என்பதை மின்படிவுக் கரைசலின் அமிலத்தன்மையே பெரிதும் மாற்றுகிறது. முதலில் 60 நானோமீட்டர் நிக்கல் கம்பிகளை, அலுமினாவைச் சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்து வெளியே எடுத்து, நன்றாக நீர்த்த நிலையில் ஒரு புலத்தில் வரிசைப்படுத்தி உலர்த்தி அளந்து பாருங்கள். கண்ணிகள் மீண்டும் பிரிந்தால் குறை கம்பியில் இல்லை, அடுக்கில்தான்.