அப்பாவுக்கு இரண்டு பயாப்ஸி, இரண்டு கிரேடு

தேன்மொழி:
அப்பாவுக்கு 68 வயது. இரண்டு வருடமாக வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை, சாப்பிட்டு எழுந்தால் முகமும் கழுத்தும் குப்பென்று சிவந்து அனலாகச் சுடும், பத்து நிமிடத்தில் தானாக அடங்கிவிடும். பிரஷர் என்றார்கள், குடல் புண் என்றார்கள், ஓமத்தண்ணீர் வைத்துக்கூடக் கொடுத்துப் பார்த்தோம். கடைசியில் ஸ்கேனில் கல்லீரல் முழுக்கக் கட்டிகள், பெரியது 6 செ.மீ. ஊசி வழியாகச் சதை எடுத்துப் பார்த்துவிட்டு (அதுதான் பயாப்ஸி), இது நியூரோ எண்டோகிரைன் கட்டி, அதாவது ஹார்மோன் சுரக்கும் செல்களில் வரும் புற்றுநோய், இங்கே பிறந்ததில்லை, வேறு எங்கிருந்தோ வந்தது என்றார்கள். குடல் செல்லை அடையாளம் காட்டும் சி.டி.எக்ஸ்-2 சாயம் ஏறியிருந்ததால் குடலில் தேடச் சொன்னார்கள். டி.டி.எஃப்-1 ஏறியிருந்தால் நுரையீரலைப் பார்ப்பார்களாம்.

இந்த வகைக் கட்டியின் ஏற்பிகளில் போய் ஒட்டி அதை மின்ன வைக்கும் டோட்டா பெட் ஸ்கேனில் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் ஒரு புள்ளி மின்னியது. ஆபரேஷனில் எடுத்தபோது 1.4 செ.மீ., ஒரு பெரிய சுண்டைக்காய் அளவுதான். அதை ஒட்டிய நெறிகட்டி அதைவிடப் பெரிது, சுற்றியுள்ள சவ்வைச் சுருக்கி இழுத்துக் குடலையே மடக்கி வைத்திருந்தது. இவ்வளவு சின்னதா இத்தனை பாடுபடுத்தியது என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார்.

அப்புறம்தான் குழப்பம். குடல் கட்டியில் கே.ஐ-67 அளவு 2%, கிரேடு 1. கல்லீரல் பயாப்ஸியில் 11%, கிரேடு 2. லேபில் யாரோ மாற்றி எழுதிவிட்டார்கள் என்றே நினைத்தேன். டாக்டர் இரண்டையும் மேஜையில் விரித்து வைத்து, இரண்டும் சரிதான்மா என்றார். நூறு செல்லில் எத்தனை பெருகிக்கொண்டிருக்கின்றன என்பதுதான் அந்த எண், 3%-க்குக் கீழே என்றால் கிரேடு 1, 20% வரை 2, அதற்கு மேல் 3. குடலிலிருந்து கிளம்பிப் போனவற்றில் வேகமாகப் பெருகுகிற கூட்டம் கல்லீரலில் மேலோங்கிவிடலாம், ஒரே கட்டிக்குள்ளேயே ஒரு பக்கம் அமைதியாகவும் ஒரு பக்கம் துடிப்பாகவும் இருக்கும், அதனால்தான் அதிகம் சாயம் ஏறிய இடத்தைத் தேடிக் குறைந்தது 500 செல்லாவது எண்ண வேண்டும் என்று விளக்கினார். எங்களுக்கு மருத்துவம் 11%-ஐ வைத்துத்தான் முடிவானது. குடல் ரிப்போர்ட்டோடு நின்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்று இன்னும் நடுங்குகிறது. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி எண் மாறி வந்ததா?

கடலோரச் செவிலி:
அந்த முகச் சிவப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன், இருபது வருடம் வார்டில் நின்றவள். குடலில் இருக்கும் கட்டி செரடோனின் என்ற ரசாயனத்தைச் சுரந்தாலும் அது போர்ட்டல் ரத்தக்குழாய் வழியாக நேரே கல்லீரலுக்குப் போகும், கல்லீரல் அதை உடைத்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. கல்லீரலிலேயே கட்டி உட்கார்ந்துவிட்டால் அந்தக் காவலைத் தாண்டி ரத்தத்தில் நேராகக் கலக்கும். அப்பா சிவந்ததே கல்லீரல் கட்டிகளால்தான் இருக்கும். எங்களிடம் ஒரு அம்மா கால் வீங்கி இதய வார்டுக்குத்தான் வந்தார், வலது பக்க வால்வு தடித்து இறுகிப் போயிருந்தது, இடது பக்கம் நன்றாக இருந்தது. வால்வைத் தடிக்க வைப்பது அந்த ரசாயனம்தான், நுரையீரல் அதைப் பெரும்பாலும் அழித்துவிடுவதால் இடது பக்கம் தப்பிக்கிறது. தேன்மொழி, அப்பாவுக்கு எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்தாயிற்றா? செரடோனின் கழிவை அளக்கும் 24 மணி நேரச் சிறுநீர் சோதனைக்குச் சிறுநீரைச் சேர்க்கும்போது வாழைப்பழம், அன்னாசி, தக்காளி மூன்றையும் முன்கூட்டியே நிறுத்திவிடுங்கள் அம்மா, அவை அளவைக் கூட்டிக் காட்டும்.

வேலுவின் மனைவி:
என் கணவருக்குக் கணையத்தில். டோட்டா ஸ்கேனில் கணையமும் கல்லீரல் கட்டிகள் பலவும் பளிச்சென்று தெரிந்தன, இரண்டு மட்டும் இருட்டாகவே இருந்தன. நல்ல செய்தி என்று வீட்டில் பாயசம் வைத்தேன். ஒரு வாரம் கழித்துச் சர்க்கரை ஸ்கேன், அதாவது எஃப்.டி.ஜி. எடுத்தபோது அந்த இரண்டு மட்டும் எரிந்தன. அவற்றில் ஒன்றில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தால் கே.ஐ-67 35%, கணையத்தில் 6%. லுட்டீஷியம் என்ற கதிர்வீச்சு மருந்து, டோட்டாவில் மின்னும் ஏற்பி இருக்கும் கட்டியில்தான் போய் ஒட்டும், இருட்டுக் கட்டிகளை அது தொடாது என்பதால் முதலில் கேப்டெம் என்ற கீமோ மாத்திரைகள். பிரிண்டில் அந்த இரண்டு இடத்தையும் டாக்டர் பேனாவால் வட்டமிட்டுக் கொடுத்தார், இன்றும் ஃபைலின் மேலேயே வைத்திருக்கிறேன்.

தேன்மொழி:
எக்கோ எடுத்தோம் அக்கா, வால்வில் லேசான கசிவு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். 28 நாளுக்கு ஒரு ஊசி இடுப்பில் போடுகிறார்கள், சிவப்பு நன்றாகக் குறைந்துவிட்டது. எஃப்.டி.ஜி. எடுக்கவே இல்லை, அடுத்த வாரம் கேட்கிறேன். பழைய இரண்டு பயாப்ஸியின் சதை பதித்த மெழுகு பிளாக்கும் ஸ்லைடும் லேபிலிருந்து வாங்கி வந்துவிட்டேன், டப்பாவில் பெயர் எழுதி அலமாரியில் இருக்கிறது.