மறு: கியர்பெட்டி ‘ஒத்திசைவு’க்கு மாற்று – இணைபொருத்தம்

நண்பர்களுக்கு வணக்கம்.

> பழைய பிக்கப் கையேட்டில் எஞ்சினுக்கு எந்தக் கியர்பெட்டி சேரும் என்பதை ‘ஒத்திசைவு’ என்றே எழுதிவிடலாமா?

வேண்டாம். கணினிப் பக்கம் அது பழகிய சொல்தான். ஆனால் கியர்பெட்டிக்குள் ஏற்கெனவே ஓர் ஒத்திசைவு இருக்கிறது. பல்சக்கரத்தின் வேகத்தையும் தண்டின் வேகத்தையும் சமமாக்கி, கியர் கரகரக்காமல் விழ வைக்கும் பித்தளை வளையத்தைத்தான் ‘ஒத்திசைவு வளையம்’ என்கிறோம். செவர்லே பிக்கப்களில் வந்த எஸ்எம்465 பெட்டியில் முதல் கியருக்கு அந்த வளையம் கிடையாது. 6.55:1 விகிதம், பாரம் ஏற்றிக் கிளம்பும்போது மட்டும் போடுகிற கியர். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அதை ‘ஒத்திசைவு இல்லாத முதல் கியர்’ என்று எழுதினால், வேறு வண்டியின் பல்சக்கரத்தை யாரோ மாட்டிவிட்டார்கள் என்றல்லவா வாசகர் நினைப்பார்?

‘இணைபொருத்தம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். வெறும் ‘பொருத்தம்’ போதாதா என்றால், ‘பொருத்திய கியர்பெட்டி’ என்பது மாட்டி முடித்த பெட்டி. மாட்டினால் சேருமா என்பது வேறு கேள்வி. ‘இணைபொருந்தும்’, ‘இணைபொருந்தாத’ என்று வினையாகவும் தடையில்லாமல் வருகிறது.

சரி, சொல் தாங்குமா என்று ஒரு வேலையில் வைத்துப் பார்ப்போம். டர்போ 350 என்ற ஆட்டோமேட்டிக் கியர்பெட்டியைக் கழற்றிவிட்டு, 1982இல் வந்த 700ஆர்4 ஆட்டோமேட்டிக் பெட்டியை மாட்டுகிறார்கள். செவர்லே வி8 எஞ்சினில் போல்ட் துளைகள் அப்படியே சேரும். ஆனால் பெட்டியைத் தாங்கும் குறுக்குச்சட்டத்தைப் பின்னால் தள்ள வேண்டும். பழைய பெட்டியின் வால்பகுதி 6 அங்குலமாக இருந்தால், பெட்டியின் சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்டைக் குட்டையாக்க வேண்டும். 9 அங்குலமாக இருந்தால் ஏறக்குறைய அதே நீளம்தான். இவ்வளவும் சரியாக அமைந்தாலும் வேலை முடியவில்லை. கார்புரேட்டரிலிருந்து பெட்டிக்குப் போகும் டிவி (த்ராட்டில் வால்வ்) கேபிள்தான் உள்ளே எண்ணெய் அழுத்தத்தை ஆள்கிறது. கார்புரேட்டரோடு சரியாகச் சேராமல் அது தளர்வாக இருந்தால் அழுத்தம் குறைந்து கிளட்ச் தட்டுகள் வழுக்கிக் கருகிவிடும். ஆக ‘போல்ட் இணைபொருத்தம் உண்டு, கேபிள் இணைபொருத்தம் இல்லை’ என்று பிரித்து எழுத முடிகிறது. எனக்கு இதுதான் முக்கியம். ஜாதகத்தில் பத்துப் பொருத்தத்தையும் தனித்தனியாகப் பார்ப்பதுபோல, இதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் பெட்டி பிழைக்கும்.

1954 வரையான அரை டன் செவர்லேக்களுக்குத் தனிக் குறிப்பு வேண்டும். அவற்றில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் மூடிய குழாய்க்குள் ஓடுகிறது. திறந்த ஷாஃப்ட் கேட்கும் பெட்டியை மாட்டினால் பின் ஆக்சிலையும் மாற்ற வேண்டிவரும்.

அப்புறம், எண்ணெய் பற்றிய பத்தியில் ‘ஒத்திசைவு வளையம்’ அப்படியே இருக்கட்டும். சில ஜிஎல்-5 தரக் கியர் எண்ணெய்களில் உள்ள கந்தகச் சேர்மானம் பித்தளையை அரிக்கும் என்பதால் பழைய பெட்டிகளுக்குப் பலர் ஜிஎல்-4 ஊற்றுகிறார்கள். அங்கே சொல் குழம்பினால் வாசகரின் வளையம்தான் தேயும்.

எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே வரும் மணி வடிவ உறையான பெல் ஹவுசிங்குக்கு ‘மணியுறை’ என்ற முன்மொழிவை ஆதரிக்கிறேன். தண்டின் மேல் நீளவாக்கில் வெட்டிய பற்களான ஸ்பிளைனுக்கு இன்னும் நல்ல சொல் அமையவில்லை. கிடைக்கும்வரை ‘ஸ்பிளைன்’ என்றே போடுவோம்.