சார்கோமா: அம்மாவுக்கு எப்படி விளக்குவது?

அனைவருக்கும் வணக்கம். என் தம்பியின் தொடையில் வலியே இல்லாமல் வளர்ந்துவந்த கட்டி, திசுப் பரிசோதனையில் லைப்போசார்கோமா (எலும்பு, தசை, கொழுப்பு போன்ற திசுக்களில் தோன்றும் சார்கோமா என்ற புற்றுநோயில், கொழுப்புத் திசுவில் வரும் வகை) என்று உறுதியாகியிருக்கிறது. அறிக்கையில் 'கிரேடு 2' என்றிருந்ததைப் பார்த்த அம்மா, நோய் இரண்டாம் கட்டத்துக்குப் போய்விட்டது என்று எண்ணி இரவெல்லாம் அழுதார். கிரேடு என்பது நுண்ணோக்கியில் தெரியும் செல்களின் தன்மையையும் அவை பெருகும் வேகத்தையும் குறிப்பது என்றும், நோயின் கட்டத்தைக் கட்டியின் அளவு, நுரையீரல் ஸ்கேன் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தே சொல்வார்கள் என்றும் விளக்கியும் அவர் மனம் ஆறவில்லை. இதை எளிய சொற்களில், முடிந்தால் படம் வரைந்து, வீட்டுப் பெரியவர்களுக்குப் புரியவைத்தவர்கள் வழி சொல்லுங்கள்.

சார்கோமாவில் 70க்கும் மேற்பட்ட வகைகள் இருப்பதால், அதில் அனுபவமுள்ள நோயியல் நிபுணர் ஒருவரும் திசுவைப் பார்ப்பது அவசியம் என்றே கருதுகிறேன். அதற்கு ஏற்பாடு செய்திருக்கிறோம்.

இன்னொரு கேள்வி. அறுவை சிகிச்சைக்கு முன்பே கதிர்வீச்சு கொடுத்தால் காயம் ஆறுவதில் சிக்கல் வரலாம், பின்னர் கொடுத்தால் நாளடைவில் தசை இறுகி மூட்டு அசைவு குறையலாம் என்கிறார் மருத்துவர். இரண்டில் ஒன்றைக் கடந்துவந்தவர்கள், முடிவெடுக்குமுன் மருத்துவரிடம் என்னென்ன கேட்டீர்கள் என்பதைத் தயவுசெய்து எழுதுங்கள். அடுத்த வாரம் அவரைச் சந்திக்கிறோம்.