மறு: விலங்கு மிதவையுயிரிகளின் 'உற்பத்தி' – வேறு சொல் வேண்டுமா?

அனைவருக்கும் வணக்கம்.

> 'இரண்டாம் நிலை உற்பத்தி' பாடநூல்களிலேயே இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

விலங்கு மிதவையுயிரிகள் என்பவை நீரோட்டத்தோடு மிதந்து வாழும் விலங்குகள்; பாசி உண்டாக்கும் உயிர்ப்பொருளை முதல் நிலை உற்பத்தி என்றும், அதைத் தின்று இவை உண்டாக்குவதை இரண்டாம் நிலை உற்பத்தி என்றும் சொல்கிறோம். ஐயா, அந்தச் சொல்லை நாம் ஒரே பொருளில் ஆண்டால் எனக்கு மறுப்பே இல்லை. கடலில் இன்று எவ்வளவு மிதவையுயிரி இருக்கிறது என்பதற்கும் அதைத்தான் எழுதுகிறோம், நாளொன்றுக்குப் புதிதாக எவ்வளவு உருவாகிறது என்பதற்கும் அதைத்தான் எழுதுகிறோம். இரண்டும் வேறு வேறு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கன மீட்டர் நீரில் 10 மில்லிகிராம் கார்பன் அளவுக்குத் துடுப்புக்காலிகள் (கோபிபாட் எனும் சிறு ஓட்டுடலிகள்) இருக்கின்றன, அவை நாளொன்றுக்குத் தம் எடையில் 0.2 பங்கு வளர்கின்றன என்று வையுங்கள். தினமும் 2 மில்லிகிராம் கூடவேண்டும். அதே 2 மில்லிகிராமை மீன்குஞ்சும் அம்புப்புழுவும் ஜெல்லிமீனும் தின்றுவிட்டால், 30 நாள் கழித்து அளந்தாலும் அதே 10தான் இருக்கும். ஆனால் அதற்குள் 60 மில்லிகிராம் உருவாகி, இரையாகவும் போய்விட்டது. கடைக்காரர்கள் சொல்லும் 'இருப்பு' முதலாவதற்கு அப்படியே பொருந்துகிறது. குழப்பமெல்லாம் இரண்டாவதற்கு என்ன பெயர் என்பதில்தான்.

'வளர்ச்சி' போதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். போதாது. இங்கிலாந்தின் பிளிமத் கடற்கரைக்கு அப்பால் எல்4 என்றொரு நிலையம் உண்டு. அங்கே 1988 முதல் வாராவாரம், 200 மைக்ரோமீட்டர் கண்ணியுள்ள வலையை 50 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே இழுத்து எண்ணுகிறார்கள். கிடைப்பது இருப்பு. அதுவும் முழுசாக இல்லை, நாப்ளியஸ் எனும் தொடக்கப் பருவக் குஞ்சுகள் பலவும் அந்தக் கண்ணி வழியே நழுவிவிடும். உருவாகும் அளவை அறிய வேறு வேலை செய்யவேண்டும். கலானஸ் என்ற துடுப்புக்காலியின் பெண் உயிரிகளை உயிரோடு பிரித்தெடுத்து, 24 மணி நேரம் கடல்நீரில் வைத்திருந்து, இட்ட முட்டைகளை எண்ணுகிறார்கள். ஆறு நாப்ளியஸ் பருவம், அதையடுத்து ஐந்து கோபிபோடைட் எனும் இளம் பருவம் எனத் தோலுரித்து முடித்துவிட்ட பெண்ணின் உடல் அதற்கப்புறம் பெரிதாவதில்லை. தின்பதில் உயிர்வாழச் செலவானது போக மிஞ்சுவது பெரும்பாலும் முட்டையாகிறது. ஆகவே நமக்கு வேண்டிய சொல் குஞ்சின் சதையையும் தாயின் முட்டையையும் சேர்த்தே குறிக்கவேண்டும். 'உடலாக்கம்' என்ற பரிந்துரையும் இதனால்தான் எனக்கு ஒப்பவில்லை.

'விளைச்சல்' அழகான சொல். ஆனால் அதை மீன்பிடிப்புக்கு விட்டுவைக்கவேண்டும்.

என் பரிந்துரை 'ஆக்கம்'. நாளொன்றுக்கு இவ்வளவு என்றால் ஆக்கவீதம். அதை இருப்பால் வகுத்தால் ஆக்க-இருப்பு விகிதம், மேலே சொன்ன கணக்கில் அது 0.2.

'இரண்டாம் நிலை' என்ற அடையையும் கைவிடலாம். கரையோரத் துடுப்புக்காலிகள் டயாட்டம் என்ற நுண்பாசியை மட்டும் தின்பதில்லை, குற்றிழை உயிரிகள் என்ற, குட்டை இழைகளால் நீந்தும் ஒருசெல் உயிரிகளையும் பிடித்துத் தின்கின்றன. அந்தக் குற்றிழை உயிரிகளோ நுண்பாசியைத் தின்பவை. அப்புறம் எது இரண்டாவது, எது மூன்றாவது? 'நுகர்வி ஆக்கம்' என்றால் இந்தச் சிக்கல் வராது.

இனக்கூட்ட இயக்கவியல், அதாவது ஓரினத்தின் எண்ணிக்கை எப்படி மாறுகிறது என்ற படிப்பு, இதற்கான சொல் பற்றி எனக்குத் தகராறு இல்லை. தமிழ்நாட்டுப் பாடநூலில் உள்ள 'இனக்கூட்டம்' போதும். இலங்கை நண்பர்கள் 'குடித்தொகை' என்று எழுதினாலும் புரிகிறது.

மாற்றுச்சொல் தருபவர்கள் இந்த வாக்கியத்தில் அதைப் பொருத்திக் காட்டுங்கள்: "கோடையில் இருப்பு குறைந்தபோதும் நீரின் வெப்பத்தால் ஆக்கவீதம் குறையவில்லை."

அன்புடன்.