ரெக்ரூட்மென்ட்: ‘உரப்பு விரைவேற்றம்’ பொருந்துமா?

கேள்திறன் குறைந்த காதில், ஒலி கூடக் கூட அதன் உரப்பு இயல்பைவிட வேகமாக ஏறுவதைச் செவியியலில் ‘ரெக்ரூட்மென்ட்’ (நேர்ப்பொருள்: ஆள்சேர்ப்பு) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடிய உரையாடல் இது.

> ‘ஒலிச்சேர்ப்பு’ போதாதா ஐயா? மூலச் சொல்லோடும் ஒட்டி வருகிறதே.

ஒட்டி வருவதுதான் சிக்கல். சத்தம் ஏற ஏறப் பக்கத்துச் செல்களும் துணைக்குச் சேர்கின்றன என்ற பழைய எண்ணத்தில் பிறந்த பெயர் அது. இன்று அந்த விளக்கம் எடுபடுவதில்லை. காக்லியாவில், அதாவது உள்காதின் நத்தை வடிவச் சுருளில், மூன்று வரிசையாக ஏறக்குறைய 12,000 வெளி மயிர்ச்செல்கள் இருக்கின்றன. மெல்லிய ஒலியைப் பெருக்குவது அவற்றின் வேலை; உரத்த ஒலிக்கு அவை அவ்வளவாகத் தேவைப்படா. அவை பழுதானால் மெல்லியது மறையும், உரத்தது பழையபடியே உறைக்கும். 60 டெசிபல் வரை ஒன்றும் கேளாதவருக்கு 100இல் காது கூசும். இடையே மிஞ்சுவது 40தான். “சத்தமாப் பேசு” என்ற தாத்தா மறுநொடியே “ஏன் கத்துற?” என்பது இதனால்தான்.

> ‘ஒலி ஒவ்வாமை’ என்றால் பலதுறை மருந்தகத்தில் முதியவர்களுக்குச் சட்டெனப் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். கேள்திறன் குறையாதவருக்கும் சாதாரண ஓசை தாங்காமல் போவதுண்டு. அந்த ஹைப்பர்அக்யூசிஸுக்கு அதை விட்டுவைப்போம்.

என் பரிந்துரை ‘உரப்பு விரைவேற்றம்’. கருவி அளப்பது செறிவு, செவி உணர்வது உரப்பு. பாடநூலிலேயே இருக்கும் சொற்கள். ஒரு காது நன்றாக இருப்பவருக்கு ஒரே சுரத்தை மாற்றி மாற்றி இரு காதிலும் கொடுக்கிறோம். நல்ல காதின் 40உம் மற்றதன் 70உம் சமமாகத் தோன்றி, பிறகு 90உம் 90உம் சமமானால் முழு விரைவேற்றம்.

> நீளம். ‘உரப்பேற்றம்’ போதுமே?

வானொலிக் குமிழைத் திருகினாலும் உரப்பேற்றம்தானே! விரைவு விடுபட்டால் நோய்க்குறியே விடுபட்டுவிடும். காது மெஷின் பொருத்துபவருக்கும் அந்த விரைவுதான் கணக்கு. எல்லா ஒலிக்கும் ஒரே 30 டெசிபல் கூட்டினால், உணவங்காடியில் தட்டுகள் சரியும் 80 டெசிபல் ஓசை 110 ஆகும். அன்றைக்கே மெஷின் இழுப்பறைக்குள் போய்விடும். அதனால்தான் 2:1 கம்ப்ரெஷன்: உள்ளே 10 ஏறினால் வெளியே 5 மட்டும். இதற்கு ‘அமுக்கம்’ என்பேன். ‘அழுத்தம்’ வேண்டாம், நடுச்செவிச் சோதனையில் காற்றழுத்தத்துக்கு அது வேண்டியிருக்கிறது.

> சரி ஐயா, ஏற்கிறேன். டிக்ரூட்மென்ட்?

உரப்பு இயல்பைவிட மெதுவாக ஏறுவது. செவி நரம்புக் கோளாறில் பார்க்கலாம். ‘உரப்பு மந்தவேற்றம்’ என்று வைத்திருக்கிறேன். ‘மந்தம்’ என்றதும் காது மந்தம் நினைவுக்கு வருமோ என்று மட்டும் தயக்கம். ‘மெல்லேற்றம்’ தேவலையா?