பிரெட், ஸ்கோன், கேக் மூணும் ஒரே நாள்ல போச்சுங்க. எங்க தப்பு? உதவி வேணும்

பெருந்துறை அம்மிணி:
மாமியாரும் கொழந்தைகளும் நோம்பிக்குக் கோபி போயிட்டாங்க. சரி, ஞாயித்துக்கெழமை பூரா பாட்டுக் கேட்டுட்டு நெதானமா பேக் பண்ணலாம்னு ஒரு ஆசைங்க. கடைசியில பொழுதோட இடுப்பொடிஞ்சதுதான் மிச்சம்.

காத்தால பத்து மணிக்கு அரைக்கிலோ மைதா, 7 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், வெதுவெதுன்னு தண்ணி ஊத்திப் பிசைஞ்சேன். யூடியூப்ல ஒரு வெள்ளைக்காரம்மா "சூடான இடத்துல ஒன்றரை மணி நேரம்"னு சொன்னாங்க. மொட்டை மாடியில மூடி வெச்சுட்டேன். சும்மா இருப்பானேன்னு ஸ்கோனுக்கு ஊத்துக்குளி வெண்ணெயை மைதாவுல பெசறி வெட்டி வெச்சேன். கேக் மாவையும் நாட்டுச்சக்கரை, தயிர், சோடா போட்டுக் கலக்கி டின்ல ஊத்திட்டேன். இருக்கறது ஒரே ஒரு ஓடிஜி, அதாங்க சின்ன கரண்ட் ஓவன். பிரெட் முதல்ல போச்சு, மத்ததெல்லாம் வரிசையில காத்துட்டு இருந்துச்சு.

பிரெட் மேல அமுங்கி, வெளுத்துப்போய், ஒரு மாதிரி கள்ளு வாடை. ஸ்கோன் பிஸ்கட் மாதிரி பரவிருச்சு. கேக் நடுவுல கெணறு. அவரு ஒரு வாய் தின்னுட்டு "நல்லாத்தான் இருக்குது"ன்னாரு. அந்த மூஞ்சியப் பாக்கோணுமே!

காங்கயம் மாப்ள:
ஈஸ்ட் செத்திருக்கும்ங்க. புதுப் பாக்கெட் வாங்கிப் போடுங்க.

ரிட்டயர்டு மாஸ்டர், கோவை:
செத்த ஈஸ்ட்டுக்குக் கள்ளு வாடை வராது தம்பி. மாவு உப்பாம கல்லாட்டம் கெடக்கும். இது நேர்மாறு, ஈஸ்ட் அளவுக்கு மீறி வேலை செஞ்சிருக்குது.

அம்மிணி, அந்த ஒன்றரை மணிக் கணக்கு குளுருற ஊருக்கு. சித்திரை வெயில்ல நம்ம மொட்டை மாடியில அரை மணியிலயே பொங்கி, அப்புறம் சோர்ந்து விழுந்துரும். மாவுல இருக்கற சக்கரையை ஈஸ்ட் தின்னு தீத்துட்டா மேல்தோல் செவக்காது, வெளுத்துத்தான் நிக்கும். நாங்க பேக்கரியில கோடையில ஐஸ் தண்ணி ஊத்தித்தான் பிசைவோம். நீங்களும் பச்சத்தண்ணியே ஊத்துங்க, ஈஸ்ட்டை 3 கிராமாக் கொறைங்க. கடிகாரத்தைப் பாக்காதீங்க. பிசைஞ்ச மாவுல நெல்லிக்காயளவு கிள்ளி ஒரு கண்ணாடி டம்ளர்ல அமுத்தி, அது நிக்கற எடத்துல ரப்பர் பேண்டு போட்டு, சட்டிக்குப் பக்கத்துலயே வைங்க. டம்ளர்ல ரெண்டு மடங்கு ஏறுனா சட்டியிலயும் ஆச்சுன்னு அர்த்தம்.

கேக்குக்கு வர்றேன். நாட்டுச்சக்கரையிலயும் தயிர்லயும் புளிப்பு இருக்குது. சோடா அதுல பட்ட நொடியே நுரைக்க ஆரம்பிச்சுரும். நீங்க ஒரு மணி நேரம் காக்க வெச்சதுல காத்தெல்லாம் வெளிய போயிருச்சு. ஓவனுக்குள்ள தூக்கி விட என்ன இருக்குது?

வெள்ளென ஆறு மணிக்கே பிரெட் மாவு பிசைஞ்சிருங்க. அது உப்பி, உருட்டி டின்ல போட்டு ரெண்டாந்தடவை உப்பற நேரத்துல ஸ்கோனை 220 டிகிரியில உட்டு எடுத்தரலாம். 12, 15 நிமிசம் போதும். அடுத்து 200ல பிரெட், 35 நிமிசம். அது வேகும்போது கேக்குக்குச் சாமானை அளந்து, ஈரம் தனி, மாவு தனியா வைங்க. பிரெட்டை வெளிய எடுத்து, சூடு 170க்கு எறங்குன பொறவுதான் ரெண்டையும் ஒண்ணாக் கலக்கோணும்.

ஊத்துக்குளி மருமக:
எங்கூரு வெண்ணெய் மேல பழி போட்றாதீங்க அக்கா 😄 உதிரியா வாங்கற வெண்ணெய்ல மோர்த்தண்ணி நிக்கும். ஐஸ் தண்ணியில போட்டுப் பிசைஞ்சு புழிஞ்சிருங்க, அப்புறம் ஃப்ரீசர்ல கல்லாக்கி, கேரட் சீவற மாதிரி மாவுல சீவிப் போடுங்க. கைச்சூடு படாம நுனிவெரல்ல உதுத்து, குளுந்த பாலை ஊத்திச் சேந்தா மட்டும் போதும். சப்பாத்திக்குப் பிசையற பழக்கத்துல அமுத்திப் பிசைஞ்சா இறுகிரும். வெட்டுனதும் அரை மணி ஃப்ரிட்ஜ்ல வைங்க. டம்ளர்ல வெட்டும்போது திருகக் கூடாதுங்க, நேரா அமுத்தி நேரா எடுக்கோணும். திருகுனா ஓரம் ஒட்டிக்கும், மேல ஏறாது.

காங்கயம் மாப்ள:
சரிங்க மாஸ்டர், ஒத்துக்கறேன். ஸ்கோன்னா என்னங்க, நம்ம பன்னா?

ஊத்துக்குளி மருமக:
பன்னுக்கு ஈஸ்ட், இதுக்கு பேக்கிங் பவுடர். இங்கிலாந்துல ரெண்டாப் பொளந்து ஜாமும் கிரீமும் தடவித் திம்பாங்க. டெவன்காரங்களுக்குக் கிரீம் முதல்ல, கார்ன்வால்காரங்களுக்கு ஜாம் முதல்ல. அதுக்கே அங்க சண்டை. எங்க வீட்ல வெண்ணெய் தடவி மேல நாட்டுச்சக்கரை.

பெருந்துறை அம்மிணி:
இன்னைக்கு மறுபடியும் பண்ணேனுங்க. டம்ளர்ல மாவு முக்கால் மணியிலயே ரெண்டு மடங்கு! போன வாரம் என்ன கூத்து நடந்திருக்கும்னு அப்பத்தான் புரிஞ்சுது. பிரெட் செவந்து வந்துச்சு, கேக்குல கெணறு இல்லை. பதனொண்ணுக்கெல்லாம் அடுப்படிய விட்டு வெளிய வந்து திண்ணையில காப்பியோட உக்காந்துட்டேன். ஸ்கோன் மட்டும் ஒரு பக்கமா சாஞ்சு நிக்குதுங்க. பழக்கதோசத்துல டம்ளரைத் திருகிட்டேன் போல.